மலர் அக்கா வெட்டிய எட்டு அட்டைகள்

“அன்ரி, அம்மாவுக்கு என்ன வேலை எண்டு போடுறது?”

மலர் அக்கா இறந்த செய்தியோடு சேர்ந்து வந்த கேள்வி இது. கேட்டவள் அவருடைய மகள் நிவேதா. மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் இருப்பவள். தாய்க்கு மூளையில் இரத்தக் கசிவு என்றதும் சிட்னிக்கு ஓடி வந்து, ஆறு நாள் ஆஸ்பத்திரிக் கதிரையிலேயே இருந்தாள். ஏழாம் நாள் காலை, நான் வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபோது அழைத்தாள். “அம்மா போயிட்டா” என்றாள். பிறகு, மரண அறிவித்தல் எழுதும் மாமா பக்கத்தில் நிற்கிறார், பிறந்த இடமும் இருந்த இடமும் எழுதியாயிற்று, தொழிலில் வந்து நிற்கிறோம் என்று சொல்லிவிட்டு இதைக் கேட்டாள்.

அவரோடு ஒரே அறையில், ஒரே நீள மேசையின் இரண்டு முனைகளில் பத்து வருடம் வேலை செய்தவள் நான். “யோசிச்சுச் சொல்லுறன்” என்றேன். அறிவித்தல் தொழில் இல்லாமலே வெளிவந்தது. இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

அவர் செய்த வேலையை நீட்டிச் சொல்லலாம். எங்கள் ஏல நிறுவனத்தில் கடதாசிப் பொருட்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. பழைய தபாலட்டைகள், வரைபடங்கள், விளையாட்டு வீரர்களின் படம் போட்ட அட்டைகள் அங்கே வரும். மலர் அக்கா ஒரு பேஸ்போல் அட்டையைக் கையில் எடுத்து, அது எந்த நாட்டில் அச்சடிக்கப்பட்டது என்று சொல்வார். அதை விற்பனைப் பட்டியலுக்கு ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. அவர் தன் வாழ்நாளில் ஒரு பேஸ்போல் ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. “பந்து எறியிறவன் ஏன் இவ்வளவு நேரம் நிண்டு துப்பிறான்?” என்பதுதான் அந்த விளையாட்டைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி.

மேய்ஸ் ஹில் கோயிலில் அவரைக் கண்டு பழகிய இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களில் பலருக்கு இந்த வேலை விளங்காமல் இருந்திருக்கும். ஒரு வீரரின் படத்தை அமெரிக்காவில் அச்சடித்து, சுவிங்கம் பைக்கற்றோடு விற்றார்கள். அதையே கனடாவிலும், சில வருடங்கள் வெனிசுவேலாவிலும் தனியாக அச்சடித்தார்கள். முகப்பைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். எழுபதுகளின் கனடா அட்டைக்குப் பின்பக்கத்தில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருக்கும், மட்டையின் நிறமும் வேறு. வெனிசுவேலா அட்டையில் மினுக்கம் இராது. அமெரிக்காவில் அடித்தவை ஏராளம், மற்ற இரண்டும் குறைவு. அதனால் விலையும் வேறு. இந்த வித்தியாசத்தில்தான் எங்கள் பிரிவின் பாதிச் சோறு வெந்தது.

அவரை வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று சொன்னவள் நான். அதற்கு முன் பத்தொன்பது வருடம் சிட்னியின் லிட்கத்தில் ஒரு அச்சகத்தில், ஐஸ்கிரீம் பெட்டிகளையும் மருந்துப் பெட்டிகளையும் பரிசோதித்து, நிறமோ ஓரமோ பிசகியவற்றைத் திருப்பி அனுப்புவது அவருடைய வேலை. அச்சகம் மூடப்பட்டதும் எங்களிடம் விண்ணப்பித்திருந்தார். பட்டம் இல்லை, இந்தத் துறையில் அனுபவமும் இல்லை. நேர்முகத்தில் எங்கள் மேலாளர், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, இரண்டு அட்டைகளை முகப்பு மேலே தெரிய வைத்து, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார். மலர் அக்கா அவற்றை எடுத்துக்கொண்டு, அனுமதி கேளாமலே எழுந்து ஜன்னலடிக்குப் போனார். “இந்த லைற்றிலை நிறம் பொய் சொல்லும்” என்று எனக்குத் தமிழில் சொன்னார். இரண்டு நிமிடம் பார்த்தார். படம் ஒன்று, ஆனால் அச்சுத் தட்டு ஒன்றல்ல, இரண்டும் வேறு வேறு அச்சகம் என்றார். எது கூட விலை போகும் என்று மேலாளர் கேட்டார். “அது எனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டிலையும் ஒரே ஆள்தானே நிக்கிறான்.” நான் அதை மொழிபெயர்த்தேன். மேலாளர் சிரித்து, மூன்று மாதம் பரீட்சார்த்தமாக எடுத்துக்கொண்டார்.

விலையை அவர் பிறகு கற்றுக்கொண்டார். ஆனால் அதன்மேல் அவருக்கு மரியாதை வரவே இல்லை. வெனிசுவேலாவில் பிள்ளைகள் இந்த அட்டைகளை அல்பத்தில் ஒட்டி வைத்தார்கள். கழற்றினால் முதுகுத் தோல் உரியும். அப்படி ஒன்றுக்கு நான் பட்டியலில் ‘பழுதானது’ என்று எழுதினேன். மேசையின் மற்ற முனையிலிருந்து எழும்பி வந்தார்.

“பழுது எண்டு எழுதாதையும். ஒட்டினது, கழட்டினது எண்டு எழுதும். நாங்கள் கண்டது அவ்வளவும்தான். பழுதோ இல்லையோ வாங்கிறவன் சொல்லட்டும்.”

“அக்கா, அது ஒரே கருத்துத்தானே?”

“உமக்கு ஒரே கருத்து. அந்தப் பிள்ளை ஆசையா ஒட்டினது. அதுக்குப் பழுதோ?”

நான் வாதாடவில்லை. ‘ஒட்டிக் கழற்றியது’ என்றே எழுதினேன். அந்த அட்டை அதனால் ஒரு சதமும் கூடப் போகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அவர் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், மெல்பேர்னிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். வருடா வருடம் எங்களுக்கு நல்ல சரக்குத் தருபவர். வெனிசுவேலா அட்டை என்று ஒன்றைக் கொண்டுவந்தார். மினுக்கம் இல்லை, முதுகு மட்டும் ஒட்டிக் கழற்றிய தடமே இல்லாமல் இருந்தது. மலர் அக்கா அதைச் சரித்துச் சரித்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு தன் தாளில் ‘தெரியாது’ என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதினார். மினுக்கம் இல்லாமலே பிறந்த அட்டையா, இருந்த மினுக்கத்தை யாரும் துடைத்தெடுத்ததா என்று தனக்குச் சொல்ல முடியவில்லை என்றார்.

பத்து வருடமாக இந்த வேலை செய்பவர் தெரியாது என்று சொல்லலாமா என்று வியாபாரி சத்தம் போட்டார். “பத்து வருஷம் செய்தபடியால்தான் சொல்லுறன்” என்றார் மலர் அக்கா. “முதல் வருஷமெண்டால் தெரியும் எண்டிருப்பன்.”

வியாபாரி அதற்குப் பிறகு எங்களிடம் வரவில்லை. அந்த அட்டை வேறொரு இடத்தில் அசல் என்று விற்கப்பட்டது. அசலாகவே இருந்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு மலர் அக்காமேல் கோபம்தான் வந்தது.

கோயிலில் அவர் வேறு ஆள். அன்னதான நாட்களில் குசினியில் நின்று பூசணிக்காய் வெட்டும் வேகத்தைக் கண்டிருப்பீர்கள். அவர் ஏதோ ‘பழைய சாமான் விலை பார்க்கிற’ வேலையில் இருக்கிறார் என்று தெரிந்தபிறகு, வாகனத் தரிப்பிடத்தில் அவரை மறிக்காத ஆள் இல்லை. ஒரு அங்கிள், பேரனின் அட்டை ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, “பிள்ளை, இது வீடு வாங்கக் காணுமோ?” என்று கேட்டார். “காணும் அங்கிள், நாய்க்கு” என்றார் மலர் அக்கா. நாய் வீட்டுக்குத் திண்ணையும் வருமா என்று அந்த அங்கிள் விடாமல் கேட்க, அங்கே நின்ற எல்லோரும் சிரித்தோம்.

இப்போது, நடந்த வரிசைப்படி முதலில் வந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். இறந்தவர்களை வெள்ளையடித்து வைப்பது எனக்கு ஒவ்வாது. இதைச் சொல்லலாமா என்று நிவேதாவிடம் கேட்டேன். “அம்மா எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்ச கதைதானே அன்ரி” என்றாள். உண்மை. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே மலர் அக்கா இதைச் சொல்வார். ஆனால் சொல்லும்போதெல்லாம் என் பங்கை விட்டுவிடுவார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். யோகன் என்பவரை அவர் கோயிலில் சந்தித்திருந்தார். படகில் வந்து, தற்காலிக விசாவில் இருந்துகொண்டு, வீடுகளுக்குப் பெயின்ற் அடித்தவர். அவர் வேலை செய்த வீடொன்றில் தனியாக இருந்த ஒரு கனடாக்காரக் கிழவர், முதியோர் இல்லத்துக்குப் போகுமுன் தன் சிறுவயது அட்டைகளை அவருக்குக் கொடுத்திருந்தார். யோகனின் விசா வழக்குக்கு லோயர் தேவைப்பட்டது. அட்டைகளை விற்றால் லோயரைப் பிடிக்கலாம் என்ற எண்ணத்தோடு எட்டு அட்டைகளை ஒரு கடித உறையில் போட்டு எங்களிடம் கொண்டுவந்தார். எட்டும் கனடாவில் அச்சடித்தவை. அவற்றில் ஒன்று, பின்னாளில் பெரிய பெயர் எடுத்த ஒரு வீரரின் முதல் வருட அட்டை, அதுதான் கூடிய விலை போவது. லோயர் கனவு பொய்யான கனவல்ல என்று நானே யோகனிடம் சொன்னேன்.

மறுநாள் நான் மதியச் சாப்பாடு முடித்து வந்தபோது, எட்டு அட்டைகளும் மேசையில் நேராக அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் நாங்கள் மட்டை வெட்டும் கட்டர். அதனருகில் நூல் நூலாகக் கடதாசி.

“அக்கா, என்ன செய்தனீங்கள்?”

“கரையைச் சீராக்கினனான். எலி கரண்டின மாதிரிக் கிடந்தது. இப்ப பார்க்க வடிவா இருக்கு, என்ன?”

அந்தக் கரை அப்படித்தான் இருக்க வேண்டும். கனடாவில் அந்த அட்டைகள் வெட்டப்பட்ட விதத்தில் ஓரம் பிசிறியே வரும். வாங்குபவர்கள் அந்தப் பிசிறைத் தேடிப் பார்ப்பார்கள். கத்தி பட்ட அட்டையை, தலைமயிர் அளவு வெட்டியிருந்தாலும், தரச் சான்று கொடுப்பவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்தொன்பது வருடம் பிசிறிய ஓரத்தைத் திருப்பி அனுப்பிய கை, அதைக் கண்டதும் தானாகக் கட்டருக்குப் போயிருக்கிறது. நான் இதை விளக்கிச் சொன்னேன். அவர் கதிரையில் இருந்து, அந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு உறையில் போட்டார்.

என் பங்கு இதுதான். கதவைச் சாத்திவிட்டு வந்து நான் சொன்னேன்: “யோகனுக்குத் தெரியாது. அளந்து பார்த்தவரில்லை. பட்டியலிலை ‘ஓரம் வெட்டப்பட்டது’ எண்டு எழுதுவம். அது உண்மைதானே. கிழவர் சின்னனிலை வெட்டியிருப்பார் எண்டு எல்லாரும் நினைப்பினம்.”

“ஆர் வெட்டினது எண்டு கேட்டால்?”

“கேக்க மாட்டார் அக்கா.”

“கேக்கிற ஆளுக்கு ஆரும் சொல்லுவினம்” என்றார். “கேளாத ஆளுக்கெல்லோ சொல்ல வேணும்.”

அன்று பின்னேரம் ரயிலில் லிட்கத்துக்கு, யோகன் இருந்த வீட்டுக்குப் போனோம். நான் ஏன் கூடப் போனேன் என்று சொல்வது கடினம். அவரைத் தனியாக விடக்கூடாது என்பதற்காகவா, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்ப்பதற்காகவா, இரண்டும்தானா. யோகன் வேலை உடுப்போடேயே கதவைத் திறந்தார். இருங்கோ என்று கதிரைகளைக் காட்டி, தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். மலர் அக்கா இருக்காமலே சொல்லிவிட்டார். அட்டைகளை மேசையில் வைத்தார்.

யோகன் ஒன்றை எடுத்து விரலால் தடவினார். “எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லையே அக்கா.”

“தெரியாது. அதுதான் சொல்ல வந்தனான்.”

“இப்ப இதுக்கு விலை இல்லையோ?”

“இருக்கு. இருந்ததிலை கொஞ்சம்தான்.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “படிச்ச ரெண்டு பேர் சேர்ந்து பார்த்த வேலையோ இது?”

“அவ படிச்சவ. நான் வெட்டினனான்.”

“நீங்கள் அப்ப எங்கை?” என்று என்னைக் கேட்டார்.

“சாப்பிடப் போயிருந்தனான்” என்றேன். அதுவும் உண்மைதான். அதற்குப் பிறகு நான் சொன்ன யோசனையைச் சொல்லவில்லை. மலர் அக்கா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி நின்றார். அவரும் சொல்லவில்லை. பிறகு இந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொன்னாரோ, அத்தனை தரமும் “அவ சாப்பிடப் போன நேரம்” என்றுதான் சொன்னார்.

“வெட்டின துண்டுகள் எங்கை?” யோகன் கேட்டார். மலர் அக்கா உறையை நீட்டினார். அவர் அதற்குள் எட்டிப் பார்த்தார். “ஒட்டேலாதோ?”

“ஒட்டலாம். ஒட்டினால் ரெண்டு பிழை.”

யோகனுக்குச் சிரிப்பு வந்தது. உடனே கோபம் வந்தது. எழுந்து கதவைத் திறந்தார். “எட்டு மாசமாக் காத்திருக்கிறன் அக்கா ஒரு லோயருக்கு. விளையாட்டில்லை. நாளைக்கு உங்கடை ஒபிசுக்கு வாறன். உங்கடை மேலிடத்தோடை கதைக்க வேணும்” என்றார். “வாங்கோ” என்றார் மலர் அக்கா. “நானும் காலமை முதல் வேலையா அவவுக்குச் சொல்லிப் போடுறன்.” மூன்று வாரமே ஆன வேலை அது. பத்தொன்பது வருட வேலை போனபிறகு, ஐம்பது கடந்த வயதில், அவர் எத்தனை மாதம் அலைந்து அதைப் பிடித்தார் என்பது எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது பிளாற்போமில் நின்றோம். “தேத்தண்ணி நல்லாப் போட்டிருக்கிறான்” என்றார் மலர் அக்கா. “சீனிதான் கொஞ்சம் கூட.”

நேர்மைக்குப் பலன் கிடைத்தது என்று இதை முடிக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த எட்டும் வெட்டிய அட்டைகளாகவே பட்டியலில் போய், வெட்டிய அட்டைகளின் விலைக்கே போயின. லோயரைப் பிடிக்க யோகன் மேலும் பல மாதம் சனி ஞாயிறுகளிலும் ஏணியில் நின்றார். வழக்கில் அவர் பிறகு வென்றது வேறு கதை. அதற்கும் மலர் அக்காவின் நேர்மைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

செத்த வீட்டுக்கு யோகன் வந்திருந்தார். மேலே ஏணி கட்டிய சொந்த வான் வண்டியில். அன்று நான் சொல்லாமல் விட்டதை அவரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று போய், வானுக்குப் பக்கத்தில் நின்று, வெயிலைப் பற்றியும் மெல்பேர்ன் குளிரைப் பற்றியும் பேசிவிட்டு வந்தேன். ஆகவே அவரும் உங்கள் எல்லோரோடும் சேர்ந்து இங்கேதான் அதை வாசிக்கப் போகிறார். தம்பி யோகன், கதவைச் சாத்தியது நான்தான். மறைக்கச் சொன்னதும் நான்தான்.

மலர் அக்கா அட்டைகளைப் பார்த்த லென்ஸை நிவேதா எடுத்துக்கொண்டாள், அதுதான் முறை. பொருளாக என்னிடம் எதுவும் இல்லை. பட்டியல் எழுதும்போது ‘தெரியாது’ என்ற சொல்லை இப்போது கை கூசாமல் எழுதுகிறேன், அது அவருடையது. கேளாத ஆளுக்குச் சொல்வதும் அவருடையதுதான். அதை நான் இன்னும் சரியாகச் செய்யவில்லை. மேலே யோகனுக்குச் சொன்ன இரண்டு வரியை எழுத எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

யோகன் வருவேன் என்று சொன்ன அந்த நாளில் நடந்தது இது. காலை ஒன்பது மணிக்கு மலர் அக்கா மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அட்டைக்குச் சொந்தக்காரர் என்ன சொல்கிறார் என்று பார்த்துத்தான் முடிவு என்றார் மேலாளர். பத்தரை மணிக்கு வரவேற்பில் இருந்த பெண் வந்து, ‘அட்டையை வெட்டிய அம்மா’ வேண்டுமாம், ஒருவர் நிற்கிறார் என்றாள். யோகன் கையில் ஒரு பிஸ்கற் ரின் இருந்தது. மேலாளர் முன்னால் அதை வைத்துத் திறந்தார். உள்ளே இன்னும் நாற்பது அட்டைகளாவது இருக்கும். முதலில் எட்டை மட்டும் கொண்டுவந்தது எங்களை நம்பாமல்தான் என்றார். “இதுகளை இந்த அக்காவே பார்க்கட்டும். வேறை ஒருத்தரும் தொட வேண்டாம். சொல்லுங்கோ அவவுக்கு” என்று மேலாளரைக் காட்டினார். நான் சொன்னேன். மேலாளர் மலர் அக்காவைப் பார்த்தார், தலையசைத்தார், தன் அறைக்குப் போனார்.

மலர் அக்கா கட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கை கழுவி, துடைத்து, ஜன்னலடிக்கு ஒரு கதிரையை இழுத்தார். யோகனுக்கும் ஒன்றை இழுத்துப் போட்டார். முதல் அட்டையை எடுத்து முகப்பைப் பார்த்தார், திருப்பி முதுகைப் பார்த்தார், லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“இது அமெரிக்காவிலை அடிச்சது. எல்லாரிட்டையும் இருக்கு. இதாலை உங்களுக்கு ஒண்டும் வராது.”

“சரி” என்றார் யோகன். “அடுத்ததைப் பாருங்கோ.”